அல்ஜீரியா, 1992: வாக்குப்பெட்டியை மூடியவர்களும் அவர்களுக்குத் தோள் கொடுத்தவர்களும்

நெடுவழி எழுதியது:

ஜிஹாதி இயக்கங்கள் எங்கிருந்து முளைத்தன என்ற பேச்சு வரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு ஆயத்த விடைகள் உலவுகின்றன. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகளை வீழ்த்துவதற்காக அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொடுத்து வளர்த்தவர்களே பின்னர் அதன் மீது பாய்ந்தார்கள் என்பது ஒன்று. மேற்குலகம் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், மார்க்கத்தை அரசியலாக்குகிறவர்கள் கடைசியில் துப்பாக்கியைத்தான் எடுப்பார்கள் என்பது மற்றொன்று. அல்ஜீரியாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் இரண்டுமே தடுமாறுகின்றன. அதனால்தானோ என்னவோ, அந்த நாட்டைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 1992இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நீடித்த அங்குள்ள உள்நாட்டுப் போரில் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பேர் வரை மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. எந்த மேற்கத்தியப் படையும் அங்கே இறங்கவில்லை. எந்த மேற்கத்திய விமானமும் குண்டு வீசவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற நாள் முதல் தேசிய விடுதலை முன்னணி என்ற ஒரே கட்சியும் அதன் பின்னால் ராணுவமும் நாட்டை ஆண்டு வந்தன. ஏற்றுமதி வருவாயில் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் எண்ணெயையும் எரிவாயுவையும் நம்பியிருந்த அந்த அரசு, 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது நிலைகுலைந்தது. 1988 அக்டோபரில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதிபர் ஷாத்லி பென்ஜதீத் 1989 பிப்ரவரியில் புதிய அரசமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து பல கட்சி அரசியலை அனுமதித்தார். அப்போது பிறந்த இஸ்லாமிய மீட்பு முன்னணி 1990 ஜூன் உள்ளாட்சித் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட நகராட்சிகளைக் கைப்பற்றியது. 1991 டிசம்பர் 26 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றிலேயே 430 இடங்களில் 188ஐ வென்றது. இரண்டாம் சுற்று 1992 ஜனவரி 16 அன்று நடந்திருக்க வேண்டும். ஜனவரி 11 அன்று ஷாத்லி பதவி விலக வைக்கப்பட்டார், தேர்தல் ரத்தாயிற்று, மார்ச் 4 அன்று மீட்பு முன்னணி கலைக்கப்பட்டது. அதன் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சஹாராவின் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவற்றுள் ஒன்று, 1960இல் பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த ரெக்கான்.

பலரும் சொல்லாமல் விடுகிற கணக்கு ஒன்று உண்டு. முதல் சுற்றில் மீட்பு முன்னணி பெற்றவை 32 லட்சத்துச் சொச்சம் வாக்குகள். செல்லத்தக்க வாக்குகளில் அது 47 சதவீதம் என்றாலும், மொத்த வாக்காளர்களான 1 கோடி 32 லட்சம் பேரில் கால் பங்குதான். முந்தைய உள்ளாட்சித் தேர்தலோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் வாக்குகளை அது இழந்திருந்தது. தேசிய விடுதலை முன்னணிக்கு 16 லட்சம் வாக்குகள் கிடைத்தும் இடங்கள் பதினாறைத் தாண்டவில்லை; சோஷலிச சக்திகள் முன்னணியோ ஐந்து லட்சம் வாக்குகளுக்கு 25 இடங்களைப் பெற்றது. விகிதாசார முறையை ஒதுக்கிவிட்டு, தொகுதிவாரியாகப் பெரும்பான்மை பெற்றவருக்கே இடம் என்ற முறையை வகுத்தது ஆளுங்கட்சிதான். தனக்கென்று தைத்த சட்டை எதிராளிக்குப் பொருந்திவிட்டது.

என் நிலைப்பாடு இது. வாக்குப்பெட்டியை மூடியவர்கள் அல்ஜீரியத் தளபதிகள். பாரிஸோ வாஷிங்டனோ அவர்களை ஏவியதாகக் கொள்ள இடமில்லை. மூடிய பிறகு அவர்களை விழாமல் தாங்கியது மேற்குலகம். அதனால் நசுங்கியவர்கள் தேர்தலில் நின்ற இஸ்லாமியவாதிகள். செழித்தவர்கள், தேர்தலே இறைமறுப்பு என்று முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர்கள்.

எழுத்தாணி எழுதியது:

நண்பர் நெடுவழியின் கணக்குகளோடு எனக்குத் தகராறு இல்லை; அவற்றிலிருந்து அவர் செய்யும் முடிவோடுதான். அவர் வரையும் படத்தில் வன்முறை 1992 ஜனவரிக்குப் பிறகு பிறக்கிறது. முஸ்தஃபா பூயாலி என்பவர் ஆயுதக் குழு ஒன்றைக் கட்டி, 1982 முதல் 1987இல் கொல்லப்படும் வரை மலைகளில் அரசோடு போரிட்டதை எங்கே வைப்பது? அவருடைய கூட்டாளிகள் சிலர் பின்னாளில் மீண்டும் ஆயுதக் குழுக்களில் தலைகாட்டினார்கள். இன்னும் முக்கியமானது, துனீசிய எல்லையை ஒட்டிய கெமார் என்ற ஊரின் காவல்நிலை மீது 1991 நவம்பர் இறுதியில் நடந்த தாக்குதல். ஆப்கானிஸ்தான் சென்று திரும்பியவர்கள் அதில் முன்னின்றார்கள். படைக்குப் புதிதாக வந்த இளைஞர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். தேர்தல் ரத்தாவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே, அதாவது வாக்குப்பெட்டி திறந்தே இருந்த காலத்தில் நடந்தது அது.

அடுத்து, மீட்பு முன்னணியின் இரண்டாம் தலைவர் அலி பெல்ஹாஜ். ஜனநாயகம் இறைமறுப்பு என்பதை அவர் ஒளித்துப் பேசியவர் அல்லர், மேடையில் முழங்கியவர். வளைகுடாப் போரின்போது, 1991 ஜனவரியில், ராணுவச் சீருடையை மாட்டிக்கொண்டு பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் பேரணி நடத்திச் சென்று, இராக்குக்குப் போகும் தொண்டர்களுக்குப் பயிற்சி முகாம் திறக்கச் சொன்னவரும் அவரே. இப்படிப்பட்டவர்கள் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு நாடாளுமன்றத்தில் அமர்ந்து அரசமைப்பைத் திருத்தியிருந்தால், ஐந்தாண்டு கழித்து இன்னொரு தேர்தலை நடத்தியிருப்பார்கள் என்று நம்புவதற்கு என்ன ஆதாரம்?

தொண்டியான் எழுதியது:

எழுத்தாணி அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பெல்ஹாஜை மட்டும் எடுத்துக்கொண்டு கேட்டதுதான் எனக்கு ஒப்பவில்லை. மீட்பு முன்னணி ஒரே குரலில் பேசிய கட்சி அன்று. தலைவர் அப்பாஸி மதனி விடுதலைப் போரின் தொடக்கத்திலேயே பிரெஞ்சுச் சிறைக்குப் போனவர். லண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்ற பேராசிரியர். சலஃபிகள் ஒரு பக்கமும், அல்ஜீரியாவுக்கே உரிய இஸ்லாமிய ஆட்சியைப் பேசிய படித்த கூட்டம் மறுபக்கமுமாக அந்தக் கட்சிக்குள் ஓயாத இழுபறி இருந்தது. தலைவர்கள் இருவரும் 1991 ஜூன் இறுதியிலேயே கைதாகிவிட்டபடியால், டிசம்பர் தேர்தலில் கட்சியை நடத்தியவர் அப்துல்காதிர் ஹஷானி. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று கட்சிக்குள் பெரும் சண்டை மூண்டபோது நிற்க வேண்டும் என்று வாதாடி வென்றவர் அவர். ரத்தான பிறகும் தெருவில் இறங்கி மோத வேண்டாம் என்றே தொண்டர்களைத் தடுத்தார். அவரை ஜனவரி 22 அன்று கைது செய்தார்கள். ஐந்து ஆண்டுகள் விசாரணைக் கைதியாக வைத்திருந்தார்கள். வெளியே வந்தவரை 1999 நவம்பரில் பல் மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையில் சுட்டுக் கொன்றார்கள்.

இஸ்லாமிய அரசியல் என்றால் மீட்பு முன்னணி மட்டும்தான் என்பதும் சரியன்று. எகிப்தில் பிறந்த முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தின் வழிவந்த மஹ்ஃபூத் நஹ்னாஹ் மீட்பு முன்னணியில் சேராமல் தனிக்கட்சி நடத்தினார். 1995 அதிபர் தேர்தலில் நின்று கால் பங்கு வாக்குகளைப் பெற்றார். 1997க்குப் பிறகு அவருடைய கட்சியினர் அமைச்சர்களாகவும் இருந்தார்கள். அவர்களால் எந்தத் தேர்தலும் நிற்கவில்லை, எந்த மதுக்கடையும் நாடு தழுவி மூடப்படவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் எதிர்ப்புறத்தில் நின்றது ஜி.ஐ.ஏ. என்று அழைக்கப்பட்ட ஆயுதமேந்திய இஸ்லாமியக் குழு. உரையாடல் இல்லை, போர்நிறுத்தம் இல்லை, சமரசம் இல்லை என்பதே அதன் முழக்கம். அதன் பார்வையில் ஆட்சியாளர் மட்டும் காஃபிர் அல்லர். வாக்களித்தவரும் காஃபிர், கடைசியில் தன்னோடு சேராத மொத்தச் சமுதாயமுமே காஃபிர். மீட்பு முன்னணியிலிருந்து 1994இல் ஜி.ஐ.ஏ.வில் இணைந்த முகமது சயீத், அப்துர்ரஸாக் ரஜ்ஜாம் இருவரையும் 1995 நவம்பரில் அந்தக் குழுவே தீர்த்துக்கட்டியது. மீட்பு முன்னணியின் நிறுவனர்களில் ஒருவரான முதியவர் அப்துல்பாகி சஹ்ராவி அதே ஆண்டு ஜூலையில் பாரிஸ் பள்ளிவாசலுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். தேர்தலில் நின்றவனும் தேர்தலை வெறுத்தவனும் உள்ளுக்குள் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் இந்தப் பிணங்களுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

கார்குழலி எழுதியது:

மூவரும் தளபதிகளையும் தாடிக்காரர்களையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தேர்தலை ரத்து செய்யச் சொல்லித் தெருவில் நின்ற மக்கள் இருந்தார்கள். அவர்களை பாரிஸின் கைப்பாவைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. தொழிற்சங்கத் தலைவர் அப்துல்ஹக் பென்ஹமூதா தலைமையில் அல்ஜீரியாவைக் காக்கும் தேசியக் குழு ஒன்று 1991 டிசம்பர் இறுதியிலேயே உருவானது. பெண்கள் அமைப்புகளும் எழுத்தாளர்களும் அதன் பக்கம் நின்றார்கள். 1992 ஜனவரி 2 அன்று சோஷலிச சக்திகள் முன்னணியின் ஹொசீன் ஐத் அஹ்மத் அழைத்த பேரணியில் லட்சக்கணக்கானோர் அல்ஜியர்ஸில் திரண்டது வேறு வகை. காவல்துறை அரசும் வேண்டாம், மதவாத அரசும் வேண்டாம், இரண்டாம் சுற்றில் வாக்களித்து அவர்களைத் தடுப்போம் என்றவர் அவர். மதச்சார்பற்றவர்கள் அனைவரும் டாங்கிகளை வரவேற்றார்கள் என்பதும் பொய், யாருமே வரவேற்கவில்லை என்பதும் பொய்.

பெண்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. கணவனை இழந்தவளோ கணவனால் விடப்பட்டவளோ தனியாக வாழ்ந்த வீடுகள் மார்க்கத்தின் பெயரால் தாக்கப்பட்டது 1992க்கு முன்பே நடந்தது. பிற்பாடு முக்காடு போடாத மாணவிகள் கொல்லப்பட்டார்கள்; 1994இல் பள்ளிகளைப் புறக்கணிக்கச் சொன்ன ஜி.ஐ.ஏ. நூற்றுக்கணக்கான பள்ளிகளைக் கொளுத்தியது. கவிஞரும் பத்திரிகையாளருமான தஹார் ஜாவூத் 1993 மே மாதம் வீட்டு வாசலில் சுடப்பட்டார்.

ஆனால் இந்தப் பெண்களைக் காக்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட அரசின் லட்சணம் என்ன? 1984இல் குடும்பச் சட்டத்தை இயற்றி, பெண்ணின் திருமணத்துக்கு ஆண் காப்பாளர் வேண்டும் என்றும், ஆண் பல மணம் புரியலாம் என்றும் எழுதி வைத்தது மீட்பு முன்னணியன்று. சோஷலிசம் பேசிய அதே தேசிய விடுதலை முன்னணி. எகிப்திலிருந்து ஷேக் முகமது அல்-கஸாலியை அழைத்து வந்து கான்ஸ்தாந்தீனின் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அமர வைத்ததும், வாரந்தோறும் தொலைக்காட்சியில் பேச வைத்ததும் ஷாத்லியின் ஆட்சிதான். இடதுசாரி மாணவர்களை அடக்க இஸ்லாமியவாத மாணவர்களை வளரவிட்ட கதை கெய்ரோவில் நடந்ததைப் போலவே அல்ஜியர்ஸிலும் நடந்தது. எனவே அரசியல் இஸ்லாத்தின் தோற்றத்தைத் தேடி நாம் வாஷிங்டன் வரைக்கும் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மேற்கைச் சபிப்பதில் உள்ள சுகம், உள்ளூர் ஆட்சியாளனை அவன் செய்த வினையிலிருந்து விடுவித்துவிடுகிறது.

நெடுவழி எழுதியது:

கார்குழலி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை நான் அப்படியே ஏற்கிறேன். தோற்றத்துக்கு மேற்கு காரணம் என்று நான் எழுதவும் இல்லை. நான் கேட்பது, தோன்றிய பிறகு எந்தக் கிளை வளர வேண்டும், எது வாட வேண்டும் என்பதில் வெளியாருக்குப் பங்கு இருந்ததா என்பதுதான்.

ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தவுடன் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பேச்சாளர் அதில் அரசமைப்பு மீறல் இல்லை என்ற பொருள்படப் பேசினார். மறுநாளே அதைத் திரும்பப் பெற்று, தாங்கள் யார் பக்கமும் இல்லை என்றார்கள். ஐந்து மாதம் கழித்து, 1992 ஜூன் 2 அன்று, துணைச் செயலர் எட்வர்ட் ஜெரேஜியன் வாஷிங்டனில் ஆற்றிய உரையில் ஒரு கோட்பாட்டையே வகுத்துக் கொடுத்தார்: இஸ்லாத்தை அமெரிக்கா எதிரியாகக் கருதவில்லை, ஆனால் ஒருவருக்கு ஒரு வாக்கு, அதுவும் ஒரே ஒரு முறை என்பதை ஏற்காது. கேட்பதற்கு நியாயமான பேச்சு. ஆனால் அல்ஜீரியாவில் அந்த ஒரு முறையும் முடிவதற்குள் நிறுத்தியவர்கள் யாரோ, அவர்களைப் பற்றி அந்தக் கோட்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. அன்றைய வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கர் பதவியை விட்ட பிறகு தந்த நேர்காணலில், அல்ஜீரியாவில் தீவிர மதவாதிகளை விலக்கி வைக்கும் கொள்கையைத்தான் பின்பற்றினோம், அது எங்கள் ஜனநாயக ஆதரவோடு ஓரளவு முரண்பட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

பேச்சைவிடப் பணம் முக்கியம். 1993 வாக்கில் அல்ஜீரியாவின் வெளிநாட்டுக் கடன் 2,500 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதியைத் தவணையும் வட்டியுமே விழுங்கின. ராணுவத்துக்குச் சம்பளம் கொடுக்கவே அரசு திணறிக்கொண்டிருந்த காலம் அது. ஜி.ஐ.ஏ.வும் மீட்பு முன்னணியின் ஆயுதப் பிரிவும் கிராமப்புறங்களில் கோலோச்சிக்கொண்டிருந்தன. 1994 ஏப்ரலில் சர்வதேச நிதியத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. தினாரின் மதிப்பு நாற்பது சதவீதம் குறைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து கடன் கொடுத்த நாடுகளின் பாரிஸ் மன்றம் தவணைகளைத் தள்ளி வைத்தது. 1995இல் இன்னொரு பெருந்தொகையும் அவ்வாறே ஒத்திப்போடப்பட்டது. இதற்காகப் பிற நாடுகளிடம் வாதாடி வழி செய்து கொடுத்தது பிரான்ஸ். தவிரவும் ஆண்டுதோறும் பல நூறு கோடி ஃபிராங்க் கடனுதவியைத் தானே தந்தது. 1994க்குப் பிறகு ராணுவம் மீண்டும் எழுந்து நின்றதற்கு வீரமோ வியூகமோ மட்டும் காரணம் அன்று. கருவூலத்தில் மறுபடியும் பணம் இருந்தது.

அந்த நேரத்தில் வேறு வழியே இல்லாமல் இருந்திருந்தால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வழி ஒன்று இருந்தது. 1995 ஜனவரி 13 அன்று ரோம் நகரில், சாந்த் எஜீதியோ என்ற கத்தோலிக்கச் சமூகத்தின் அழைப்பில் மீட்பு முன்னணி, தேசிய விடுதலை முன்னணி, சோஷலிச சக்திகள் முன்னணி, முன்னாள் அதிபர் பென் பெல்லாவின் கட்சி, லூயிசா ஹனூன் என்ற பெண்மணியின் தொழிலாளர் கட்சி எல்லாம் ஒரே தாளில் கையெழுத்திட்டன. ஆட்சியைப் பிடிக்கவோ தக்க வைக்கவோ வன்முறையைக் கையாள்வதை மறுப்பது, வாக்குகளால் ஆட்சி மாறுவதை ஏற்பது, பல கட்சி அரசியலையும் மனித உரிமைகளையும் மதிப்பது ஆகியவை அதில் இருந்தன. பெல்ஹாஜின் கட்சி இதில் கையெழுத்திட்டிருந்தது என்பதை எழுத்தாணி அவர்கள் கவனிக்க வேண்டும். 1991இல் செல்லத்தக்க வாக்குகளில் முக்கால் பங்குக்கு மேல் பெற்றிருந்த மூன்று கட்சிகளும் அதில் அடக்கம். அல்ஜியர்ஸ் அரசு அதை ஒட்டுமொத்தமாகவும் வரிவரியாகவும் நிராகரிப்பதாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பணம் நிற்கவில்லை. ஒரு நிபந்தனைகூட வைக்கப்படவில்லை.

எழுத்தாணி எழுதியது:

மேற்கு என்று ஒற்றைச் சொல்லால் அடிப்பது எளிது. ரோம் அறிக்கை வந்தவுடன் அதை அடிப்படையாகக் கொண்டு ஐரோப்பிய மாநாடு ஒன்றைக் கூட்டலாம் என்று 1995 பிப்ரவரியில் சொன்னவர் பிரெஞ்சு அதிபர் மித்தரோனேதான். அல்ஜியர்ஸ் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவருடைய சொந்த அரசே அவரைக் கைவிட்டது. உள்துறை அமைச்சர் ஷார்ல் பாஸ்குவா, இஸ்லாமியவாதிகளோடு பேச்சே கூடாது என்ற ஒழிப்புவாதிகளின் பக்கம் நின்றார். அமெரிக்காவோ அந்த ஆண்டுகளில் மீட்பு முன்னணியின் அன்வர் ஹத்தாமை வாஷிங்டனிலேயே இருக்கவிட்டு, அவரோடு தொடர்பும் வைத்திருந்தது. ஈரானில் 1979இல் பட்ட அனுபவத்தால், நாளை அவர்கள் ஆட்சிக்கு வந்தால் என்ன செய்வது என்ற முன்யோசனை அது. எனவே கோட்பாடு, சதி என்பதையெல்லாம் விட, எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று தெரியாத தடுமாற்றம்தான் எனக்கு அதிகம் தெரிகிறது.

இன்னொன்று. பிரான்சில் வாழ்ந்த அல்ஜீரியர்களின் எண்ணிக்கையையும், மத்தியதரைக் கடலின் அகலத்தையும் நினைத்துப் பாருங்கள். அல்ஜியர்ஸ் அரசு கடனில் மூழ்கி விழுந்திருந்தால் விளைவைச் சுமக்க வேண்டியது வாஷிங்டன் அன்று, மார்செய். நிபந்தனை வைக்கவில்லை என்று இன்று நாம் எழுதுவது எளிது.

தொண்டியான் எழுதியது:

மார்செயைக் குறிப்பிட்டீர்கள். பிரான்ஸ் தாங்கிப் பிடித்ததன் விலையை அந்த ஊரே கண்ணால் பார்த்தது. 1994 டிசம்பர் 24 அன்று அல்ஜியர்ஸ் விமான நிலையத்தில் ஏர் பிரான்ஸ் விமானத்தை ஜி.ஐ.ஏ. கடத்தியது, அதை பாரிஸின் மீது விழச் செய்வதே திட்டம் என்று பிரெஞ்சு அதிகாரிகள் கருதினார்கள், மார்செயில் 26ஆம் தேதி சிறப்புக் காவல் படை உள்ளே புகுந்து பயணிகளை மீட்டது. மறு ஆண்டு ஜூலை 25 அன்று பாரிஸின் சேன்-மிஷெல் நிலையத்தில் ரயிலில் வெடித்த குண்டு எட்டுப் பேரைக் கொன்றது. அந்தத் தொடர் தாக்குதல்களில் பெயர் அடிபட்ட காலித் கெல்கால் அல்ஜீரியாவில் பிறந்தாலும் லியோன் நகரின் புறப்பகுதியான வோ-ஆன்-வெலானில் வளர்ந்தவர். மார்க்கப் பற்று அவருக்கு வாய்த்தது பிரெஞ்சுச் சிறையில். இருபதாண்டு கழித்து ஐரோப்பா கண்ட தாக்குதல்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இதற்கு அருகில் வைத்துப் பாருங்கள்.

லண்டனின் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜி.ஐ.ஏ.வின் கொலைகளுக்கு மார்க்க நியாயம் கற்பித்த ‘அல்-அன்சார்’ இதழ் லண்டனில் வெளியானது. அங்கே வாழ்ந்த ஜிஹாதி மதபோதகர் அபூ கதாதா அதற்கு எழுதினார். 1996இல் ஜி.ஐ.ஏ.வின் வெறியைத் தாங்க முடியாமல் அவரே கைகழுவினார் என்பது, அந்த வெறியின் அளவைக் காட்டும். பாரிஸ் குண்டுவெடிப்புகளுக்குப் பணம் அனுப்பிய குற்றச்சாட்டில் 1995இல் லண்டனில் பிடிபட்ட ரஷீத் ரம்தாவை பிரான்சிடம் ஒப்படைக்க பிரிட்டனுக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. மேற்கு ஒன்றன்று என்று நீங்கள் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் அது உங்கள் வாதத்துக்கு உதவுகிறதா என்பது வேறு கேள்வி.

கார்குழலி எழுதியது:

இங்கே யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன். 1997 ஆகஸ்ட் இறுதியில் ரைஸ், செப்டம்பர் 22 இரவில் பென்தல்ஹா. இரண்டும் அல்ஜியர்ஸின் விளிம்பில் உள்ள ஊர்கள். ஓர் இரவில் நூற்றுக்கணக்கானோர், குழந்தைகள் உட்பட, கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். படை முகாம்கள் அருகிலேயே இருந்தன. மணிக்கணக்கில் கூக்குரல் கேட்டும் யாரும் வரவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். யார் யாரைக் கொல்கிறார்கள் என்ற கேள்வி அப்போதுதான் உலகம் முழுவதும் ஒலித்தது. அல்ஜியர்ஸ் அதிகாரிகளுக்கும் அவர்களுடைய பாரிஸ் நண்பர்களுக்கும் அந்தக் கேள்வியே தேசத்துரோகமாகப் பட்டது.

நான் இதில் அவசரப்பட்டு எந்தப் பக்கமும் போக மாட்டேன். அந்தர் ஸுவாப்ரி தலைமையிலான ஜி.ஐ.ஏ. மக்கள் அனைவரையும் காஃபிர்களாக அறிவித்திருந்தது. அந்த ஊர்களில் பலரும் முன்பு மீட்பு முன்னணிக்கு வாக்களித்து, பிறகு ஆயுதக் குழுக்களுக்குச் சோறு போட மறுத்தவர்கள். பழிவாங்கக் காரணம் இருந்தது. ராணுவம் ஏன் வரவில்லை என்பதற்கு, அச்சம், கண்ணிவெடி, அலட்சியம், உள்நோக்கம் என்று நான்கு விடைகள் சொல்லப்பட்டன. எதையும் விசாரிக்கவில்லை. 1998இல் ஐ.நா. ஒரு குழுவை அனுப்பியது. போர்ச்சுகலின் முன்னாள் அதிபர் மாரியோ சொவாரெஸ் தலைமையில் சென்ற அந்தக் குழுவுக்கு விசாரிக்கும் அதிகாரம் தரப்படவில்லை.

மீட்பு முன்னணியின் ஆயுதப் பிரிவு 1997 அக்டோபர் 1 முதல் ஒருதலையாகப் போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது என்பதையும் இந்தக் கொலைகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மலையிலிருந்து இறங்க அவர்கள் பேரம் பேசிக்கொண்டிருந்த மாதங்களில்தான் ஊர்கள் அழிந்தன.

நெடுவழி எழுதியது:

எழுத்தாணி அவர்கள் தடுமாற்றம் என்றார்; இருக்கலாம். ஆனால் தடுமாறாத ஒன்று இருந்தது. போரின் உச்சத்தில், 1995 டிசம்பரில், பிரிட்டனின் பி.பி. நிறுவனம் இன் சாலா எரிவாயுத் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. 1996இல் மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குச் செல்லும் குழாய் திறக்கப்பட்டது. ஹஸ்ஸி மெஸ்ஊத் போன்ற எண்ணெய் வயல்களைச் சுற்றி, அனுமதி இல்லாமல் அல்ஜீரியரே நுழைய முடியாத காவல் வளையம் அமைக்கப்பட்டது. வடக்கே ஊர்கள் எரிந்துகொண்டிருக்க, தெற்கிலிருந்து எரிவாயு நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

ஜி.ஐ.ஏ.வின் பொதுமக்கள் கொலைகளைப் பொறுக்காமல் 1998இல் பிரிந்த குழு 2007 ஜனவரியில் அல்-காய்தாவின் மக்ரிப் கிளையாகப் பெயர் மாற்றிக்கொண்டது. சஹாராவுக்குள் பின்வாங்கி, மாலி, நைஜர் வரை பரவி, ஐரோப்பியரைக் கடத்திப் பெற்ற மீட்புப் பணத்தில் வளர்ந்தது. 1992இல் அல்ஜியர்ஸில் அடைத்த நெருப்பு இருபதாண்டு கழித்து மாலியின் திம்புக்துவில் எரிந்தது. 2013 ஜனவரியில் இன் அமெனாஸ் எரிவாயு ஆலையைத் தாக்கிய முக்தார் பெல்முக்தார், அதே பாதையில் வந்தவர். இளவயதில் ஆப்கானிஸ்தானுக்குப் போய் வந்தவரும்கூட.

எழுத்தாணி எழுதியது:

அந்தக் கடைசி வரி என் வாதம்தானே? ஆப்கானிஸ்தான் இல்லாவிட்டால் கெமாரும் இல்லை, பெல்முக்தாரும் இல்லை.

நெடுவழி எழுதியது:

ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று சொல்லப்பட்டாலும், அது சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம்தான். 1991 டிசம்பரில் மீட்பு முன்னணிக்கு வாக்களித்தவர்கள் 32 லட்சம் பேர். முதல் கூட்டம் எப்போதும் இருந்திருக்கும். அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மலையேறியது தேர்தல் ரத்தாகி, முகாம்களுக்கு ஆள் பிடித்த பிறகுதான். சிறிய கூட்டத்தைப் பிடிக்கத் தேவைப்படுவது காவல்துறை. பெரிய கூட்டத்தைச் சிறியதோடு சேர்த்துவிட்டால், காவல்துறையால் ஆகாத காரியமாகிவிடுகிறது.

தொண்டியான் எழுதியது:

அண்டை நாட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டால் இது இன்னும் தெளிவாகும். துனீசியாவின் ரஷீத் கன்னூஷி 1989இல் நாட்டை விட்டு வெளியேறி அல்ஜீரியாவில் சில காலம் தங்கியிருந்தவர். மீட்பு முன்னணிக்கு நேர்ந்ததை அறிந்தவர். 2011இல் அவருடைய அந்நஹ்தா கட்சி தேர்தலில் முதலிடம் பெற்றபோது, மதச்சார்பற்ற இரு கட்சிகளோடு ஆட்சியைப் பகிர்ந்துகொண்டார். 2014 ஜனவரியில் புதிய அரசமைப்பு நிறைவேறியதும் பதவியை விட்டு இறங்கினார்கள். 2016 மாநாட்டில் அரசியல் இஸ்லாம் என்ற அடையாளத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தார்கள். ஜெரேஜியன் வைத்த தேர்வில் தேறிய கட்சி உலகில் ஒன்று உண்டென்றால் இதுதான். 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். 2023 ஏப்ரலில் எண்பது வயதைக் கடந்த கன்னூஷி கைதானார். அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் குடியேறிகளைத் தடுப்பதற்காக சயீதோடு உடன்படிக்கை செய்துகொண்டது. படகுகள் வராமல் இருந்தால் போதும் என்பது எழுத்தாணி அவர்கள் சொன்ன மார்செய் வாதத்தின் இன்றைய வடிவம்.

கார்குழலி எழுதியது:

அல்ஜீரியாவில் கணக்கு எப்படி முடிக்கப்பட்டது என்பதைச் சொல்லி நிறுத்துகிறேன். அதிபர் புத்தஃப்லிக்கா 2005இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, 2006 பிப்ரவரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது. பாதுகாப்புப் படையினர் மீது எந்த நீதிமன்றமும் புகாரை ஏற்கக் கூடாது என்றாயிற்று. தேசியத் துயரத்தின் காயங்களைக் கிளறி அரசின் பெயரைக் கெடுப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று அதே ஆணை சொல்கிறது. பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல் போன ஆயிரக்கணக்கானோரின் தாய்மார்களுக்கு, பிள்ளை இறந்துவிட்டான் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டால் இழப்பீடு உண்டு. பலர் வாங்க மறுத்தார்கள்.

1992இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்து தேர்தலை நிறுத்தியவர்களில் முதல்வரான காலித் நெஸார், தன்னையும் ராணுவத்தையும் குற்றம் சாட்டிய ஒரு முன்னாள் அதிகாரி மீது பாரிஸில் அவதூறு வழக்குத் தொடுத்து 2002இல் தோற்றார். 2011இல் ஜெனீவாவில் அவரைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் அரசு வழக்குரைஞர்கள் வழக்கைப் பன்னிரண்டு ஆண்டுகள் இழுத்து, 2023 ஆகஸ்டில் போர்க்குற்றங்களுக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். விசாரணைக்கு 2024 ஜூன் மாதத்தில் நாள் குறித்திருந்தார்கள். அவர் 2023 டிசம்பர் 29 அன்று அல்ஜியர்ஸில் இறந்தார்.